கல்லைக் கழிச்சுத்தான் நிறுப்பினம்

வைரத்தை ஊர் நகைக்கடையில் வாங்குவதா, ஒன்லைனில் வாங்குவதா என்ற கேள்வி எங்கட வயசுக்காரருக்குள் இப்போது அடிக்கடி வருகிறது. கலியாணத்தில் மோதிரம் மாற்றுவது வழக்கமாகிவிட்டது. அந்த மோதிரத்தில் ஒரு கல் இருக்கவேணும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வந்து சேர்ந்துவிட்டது. அக்காவுக்குப் பேச்சு வந்தால் தம்பி போனில் விலை தேடுகிறான். ரொறன்ரோவில் இருக்கிற மாமா ஒரு லிங்க் அனுப்புகிறார். கஸ்தூரியார் வீதியில் தெரிந்த கடை இருக்கு என்கிறார் அப்பா. வீடு இரண்டு கட்சியாகிறது.

நாங்கள் சொல்வது இதுதான்: இரண்டு கட்சியும் பாதி உண்மையைச் சொல்கின்றன. மிச்சப் பாதியை இரண்டுமே சொல்லாமல் விடுகின்றன. அந்த மிச்சப் பாதியில்தான் ஒரு பொம்பிளைப்பிள்ளையின் சொத்து மாட்டிக்கொண்டு நிற்கிறது.

முதலில் ஒன்லைன் கட்சியின் பக்கம். அவர்களின் நியாயம் பெரியது. ஒரு வைரத்தின் விலையை நிறை, நிறம், தெளிவு, வெட்டு என்ற நாலும்தான் தீர்மானிக்கின்றன. இந்த நாலையும் எழுதிக் கொடுக்கிற ஆய்வுகூடங்கள் உலகத்தில் இருக்கின்றன. அமெரிக்காவில் 1931இல் தொடங்கிய ஜி.ஐ.ஏ. அவற்றில் பெயர் பெற்றது. அந்த அறிக்கையின் இலக்கத்தைக் கல்லின் விளிம்பிலேயே லேசரால் பொறிக்கலாம். அறிக்கை உண்மையோ என்று அவர்களின் தளத்தில் காசில்லாமல் யாரும் பார்க்கலாம். 1999இல் சியாட்டிலில் புளூ நைல் போன்ற கடை எழும்பினதே இந்தக் கடதாசியை நம்பித்தான். கல்லைத் தொடாமலே ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட முடிந்ததால் சனம் திரையைப் பார்த்து வாங்கத் தொடங்கியது.

எங்கட ஊர்க் கடையில் என்ன நடக்கிறது? "நல்ல கல்லு பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ" என்கிறார்கள். என்ன நிறத் தரம், என்ன தெளிவு என்று கேட்டால் முகம் மாறுகிறது. "உங்கட அப்பாவுக்கே நாங்கள்தான் செய்து குடுத்தனாங்கள்" என்று பதில் வருகிறது. கேட்டது கல்லைப் பற்றி, கிடைத்தது பரம்பரை. பில்லைப் பார்த்தால் 'வைர மோதிரம் 1' என்று ஒரு வரி, அதுக்குப் பக்கத்தில் மொத்தத் தொகை. இதை வைத்துக்கொண்டு நாளைக்கு யாரிடம் போய் என்னத்தைக் கேட்பது?

இனி ஊர்க் கடைக் கட்சி. அவர்களுக்கும் நியாயம் இருக்கு. மோதிரம் இறுகினால், கல் ஆடினால், நகம் தேய்ந்தால் ஊர்ப் பத்தரிடம் போய் அன்றைக்கே சரிப்பண்ணலாம். வெளிநாட்டுத் தளத்தில் வாங்கினதை என்ன செய்வது? திருப்பி அனுப்பவேணும், காப்புறுதி போடவேணும், போகும்போதும் வரும்போதும் சுங்கத்தில் பதில் சொல்லவேணும். '30 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம்' என்ற வசதி அந்த நாட்டில் இருக்கிறவனுக்கு எழுதினது, அளவெட்டியில் இருக்கிறவளுக்கு எழுதினதில்லை. ஊர்க் கடைக்காரர் நாளைக்கும் அதே தெருவில்தான் இருப்பார். அவரிடம் போய்ச் சண்டை பிடிக்கலாம். திரையோடு சண்டை பிடிக்க ஏலாது.

ஆக, ஒன்றில் கடதாசி இருக்கு, மற்றதில் ஆள் இருக்கு. இதோடு பட்டிமன்றத்தை முடித்துக்கொண்டு போகலாம். ஆனால் இரண்டு பேரிடமும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: "இதை நான் திருப்பித் தந்தால் எவ்வளவு தருவீங்கள்?"

ஒன்லைன்காரரின் கடதாசியில் நிறம் இருக்கும், தெளிவு இருக்கும், விலை இருக்காது. ஜி.ஐ.ஏ. அறிக்கை கல்லைத் தரப்படுத்துமே தவிர அதுக்கு விலை போடாது. ஊர்க் கடைக்காரர் "அதெல்லாம் பாத்துச் செய்யலாம்" என்பார். எழுதித் தாங்கோ என்றால் தரமாட்டார்.

தங்கத்தோடு வளர்ந்த சனம் நாங்கள். எட்டுக் கிராம் ஒரு பவுண். 22 கரட் என்றால் 22 கரட். இன்றைய விலை கடைப் பலகையில் எழுதியிருக்கும், பேப்பரில் வரும். செய்கூலி போகும், சேதாரம் போகும், மிச்சம் கையில் நிற்கும். இந்தக் கணக்கை அப்படியே கொண்டுபோய் வைரத்தில் போடுகிறோம். அது அங்கே செல்லாது. வைரத்துக்கு அப்படி ஒரு பலகை இல்லை. இரண்டு கல் ஒரே நிறையில் இருந்தாலும் விலை பல மடங்கு வித்தியாசப்படலாம். கடைக்காரருக்கு மொத்த வியாபாரியிடமிருந்து கல் மொத்த விலையில் வரும், பலவேளை கடனுக்கும் வரும். அப்படியிருக்க, நீங்கள் கொண்டுபோகிற கல்லுக்கு அவர் ஏன் அதைவிடக் கூடத் தரப்போகிறார்? சில்லறை விலைக்கும் மொத்த விலைக்கும் நடுவில் இருக்கிற பள்ளம் முழுவதும் வாங்கினவரின் தலையில்தான். எட்வர்ட் ஜே எப்ஸ்டைன் என்ற பத்திரிகையாளர் இதை 1982இலேயே 'த அற்லாண்டிக்' சஞ்சிகையில் விலாவாரியாக எழுதிவிட்டார். 'வைரம் என்றென்றைக்கும்' என்ற டி பியர்ஸ் கம்பனியின் விளம்பர வாசகம் அதுக்கும் முந்தினது. 1947இல் பிரான்சிஸ் ஜெரெட்டி என்ற விளம்பர எழுத்தாளர் எழுதியது. என்றென்றைக்கும் வைத்திருக்கிறவள் விற்க வரமாட்டாள். விற்க வந்தால்தானே விலை தெரியும்.

இது ஏன் எங்களுக்கு இவ்வளவு முக்கியம்? வட மாகாணத் தமிழருக்குப் பொருந்துகிற தேசவழமையையும் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தையும் எடுத்துப் பாருங்கள். கலியாணம் முடித்த பெண் தன்ர பெயரில் இருக்கிற காணியையோ வீட்டையோ விற்பதென்றால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேணும். சீதனமாக அவளுக்கே எழுதின காணிக்கும் இதே கதிதான். அசையும் சொத்துக்கு மட்டும் அந்தச் சம்மதம் தேவையில்லை. ஒரு யாழ்ப்பாணப் பெண் யாரிடமும் கையெழுத்து வாங்காமல் காசாக்கக்கூடிய பெரிய சொத்து எது என்று யோசியுங்கள். அவளின் கழுத்திலும் கையிலும் கிடக்கிறதுதான். மட்டக்களப்பு, மலையகத் தோழிகளுக்கு இந்தச் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. ஆனால் அடைவு வைக்கிற வாசல் எல்லாருக்கும் ஒன்றுதான்.

அந்த வாசலில் என்ன நடக்கும் என்று எங்களில் பலருக்குத் தெரியும். நகையை உரசிப் பார்ப்பார்கள், பிறகு நிறுப்பார்கள். கல் வைத்த நகை என்றால் கல்லின் பாரத்தைக் கழித்துத்தான் காசு. அந்தக் கல் சிவப்புக் கல்லோ, கண்ணாடியோ, லட்சக்கணக்கில் குடுத்து வாங்கின வைரமோ, தராசுக்கு எல்லாம் ஒன்றுதான். கம்பசுக்கு வந்த எங்களில் எத்தனை பேரின் முதல் வருச அறை வாடகை அம்மாவின் காப்பிலிருந்து வந்தது? 2022இல் காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, சம்பளம் காணாது என்று நின்றபோது எத்தனை வீட்டில் சங்கிலி வங்கிக்குப் போனது? 1995 இடப்பெயர்வில் காணியைத் தூக்கிக்கொண்டு போக ஏலாது. காப்பைக் கொண்டுபோகலாம், தென்மராட்சியில் விற்றுச் சாப்பிடலாம். தங்கத்தின் மேல் எங்கட அம்மம்மாக்களுக்கு இருந்த ஆசையை வெறும் பகட்டு என்று சிரிக்கிற பெடியள், அது காசாகிற வேகத்தை ஒருக்கால் நினைத்துப் பார்க்கவேணும்.

இப்போது அந்தத் தங்கத்தின் ஒரு பகுதி கல்லாக மாறுகிறது. பழைய சங்கிலியைக் குடுத்து வைர மோதிரம் எடுக்கிறார்கள். கையில் இருந்த காசு, கையிலேயே இருந்தபடி, காசாகாத பொருளாகிவிடுகிறது.

"வைரம் முதலீடு இல்லை, அன்பின் அடையாளம். நீங்கள் ஏன் வட்டிக்கடைக்காரர் மாதிரிக் கதைக்கிறீங்கள்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். அன்பின் அடையாளம் என்றால் அதைப் பேச்சுக்காலில் எண்ணக்கூடாது. இவ்வளவு பவுண், இவ்வளவு இனாம், அதோடு 'ஒரு வைர மோதிரம்' என்று பட்டியலில் வருகிற பொருளை அன்பு என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. பட்டியலில் வந்தால் அது கணக்கு. கணக்கென்றால் சரியாக எண்ணுங்கள்: பத்து லட்சத்துக்கு வைரம் குடுத்த வீடு பத்து லட்சத்தைப் பிள்ளையின் கையில் குடுக்கவில்லை. அதில் ஒரு பகுதியைத்தான் குடுத்திருக்கிறது. மிச்சம் கடைக்காரரின் இலாபம், மாப்பிள்ளை வீட்டின் படம்.

இதுக்குள் இன்னொரு சிக்கல், ஆய்வுகூடத்தில் வளர்த்த வைரம். இது போலிக் கல் இல்லை. பளிங்கமைப்பும் கடினமும் ஒன்றுதான், வெறுங்கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வெப்பத்தைக் கடத்துகிறதா என்று பார்க்கிற சின்னக் கருவியை வைத்துக் கடைக்காரர் "பாருங்கோ, வைரம்" என்று காட்டினால் அது இயற்கைக் கல் என்றதுக்கு அத்தாட்சியாகாது. இரண்டுமே வெப்பத்தைக் கடத்தும். டி பியர்ஸ் 2018இல் லைட்பொக்ஸ் என்ற பெயரில் இந்தக் கல்லைக் கரட் 800 டொலருக்கு விற்க வந்தது. விலை தொடர்ந்து விழ, அந்தக் கடையையே மூடப்போவதாக 2025இல் அறிவித்தது. அழகுக்கும் அன்புக்கும் வேணுமென்றால் இந்தக் கல்லை எடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. இயற்கைக் கல்லின் விலையைக் குடுத்து இதை எடுப்பதுதான் ஏமாற்றம்.

சரி, எங்கட முடிவு என்ன? எடுக்கத்தான் வேணுமென்றால் ஊர்க் கடையில் எடுங்கள். ஆனால் ஒன்லைனில் படித்துவிட்டுப் போங்கள், நாலு நிபந்தனையோடு போங்கள்.

ஒன்று, இலக்கம் பொறித்த கல்லும் அதன் ஆய்வறிக்கையும். கடையில் நின்றே அந்த இலக்கத்தைப் போனில் அடித்துப் பாருங்கள். அறிக்கை இல்லாத கல் என்றால், கொழும்பில் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபைக்குக் கல் பரிசோதிக்கிற ஆய்வுகூடம் இருக்கு. அங்கே காட்டின பிறகு காசு தாறம் என்று சொல்லுங்கள். கடுகளவு கற்களுக்கு யாரும் அறிக்கை எடுப்பதில்லை, அதை நாங்கள் கேட்கவும் இல்லை.

இரண்டு, பிரித்து எழுதின பில். தங்கம் எத்தனை கிராம், எத்தனை கரட், கல் எத்தனை கரட், இயற்கையா வளர்த்ததா, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக. தங்கத்துக்குக் கரட் தரம், கல்லுக்குக் கரட் நிறை என்பதையும் மறக்காதீர்கள். ஒரு கரட் கல் 0.2 கிராம்தான். ஒரே சொல்லை வைத்து மயக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

மூன்று, திருப்பி எடுத்தால் எத்தனை வீதம் தருவார்கள் என்பது பில்லிலேயே, கையெழுத்தோடு. எழுதமாட்டம் என்றால் கல்லுக்குக் குடுக்கிற காசைச் செலவுக் கணக்கில் போடுங்கள். அந்தச் செலவு தாங்குமா என்று பிறகு யோசியுங்கள்.

நாலு, பில் பொம்பிளையின் பெயரில். மாமா லண்டனில் எடுத்தாலும் சரி, அப்பா யாழ்ப்பாணத்தில் எடுத்தாலும் சரி. பிரச்சினை வருகிற நாளில் 'இது ஆர் வாங்கினது' என்ற கேள்வி வரும். அதுக்கு அந்தத் துண்டுதான் பதில்.

"இதெல்லாம் கேட்டால் சின்னக் கடைகள் எப்படித் தாக்குப்பிடிக்கும்?" என்று கேட்கிறார்கள். நாங்கள் மாறிச் சொல்கிறோம். கேட்காமல் விட்டால்தான் அவை அழியும். எங்களுக்குப் பிறகு வருகிற பிள்ளைகள் 'நம்புங்கோ' என்ற சொல்லுக்குக் காசு குடுக்கமாட்டார்கள். நேரே திரைக்குப் போவார்கள். கல்லை நகத்தில் இருத்தத் தெரிந்த பத்தரின் கைவேலையும் கடையோடு சேர்ந்து போய்விடும். கடதாசி குடுக்கிற கடையைத் தேடிப் போவோம், நாலு பேருக்குச் சொல்லுவோம். குடுக்காத கடையிலிருந்து மரியாதையாக எழும்பி வருவோம்.

பெடியளுக்கும் ஒரு சொல். உங்கட வீட்டில் யாராவது பேச்சுக்காலில் வைர மோதிரம் கேட்டால், பக்கத்தில் பேசாமல் இருக்காதீர்கள். "வேண்டாம், அதைத் தங்கமாகவே அவ வைச்சிருக்கட்டும்" என்று சொல்ல அரை நிமிசம் போதும். அதைச் சொல்ல ஏலாதவன் ஊர்க் கடையில் எடுத்தாலென்ன, ஒன்லைனில் எடுத்தாலென்ன.