நடந்து சேர்க்கும் காசு யார் கையில்?

கடந்த மாதம் இடைவேளை நேரத்தில் ஆசிரியர் அறை வாசலில் ஐந்து பையன்கள் வந்து நின்றார்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருப்பவர்கள். "சேர், நாங்க பொத்துவில்ல இருந்து கல்முனை வரைக்கும் நடக்கப் போறம். காசு சேர்க்க" என்றான் ஒருவன்.

எதற்குக் காசு என்று கேட்டேன். ஊரில் பல வருடங்களாகப் பூட்டிக் கிடக்கும் வாசிகசாலைக் கட்டடத்தைத் திருத்த வேண்டுமாம். பின்னேரங்களில் பொடியன்மார் வந்து இருக்க ஓர் இடம், கரம்போட், கொஞ்சம் புத்தகம், கிழமைக்கு இரண்டு நாள் யாராவது ஒரு பயிற்றுவிப்பாளர். 'ஐஸ்' என்ற சொல்லை அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தரம் ஒன்பதில் அவர்களோடு ஒரே வாங்கில் இருந்தவன் ஒருவன் இப்போது புனர்வாழ்வு நிலையத்தில் இருக்கிறான்.

உடனே "நல்லது, செய்யுங்கள்" என்று சொல்ல என்னால் முடியவில்லை. அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று வெயில், மற்றது காசு. இந்தக் கட்டுரை அவ்விரண்டைப் பற்றியது.

அண்மைக் காலமாக நமது நாட்டில் நீண்ட தூர நடைகளும் ஓட்டங்களும் சைக்கிள் பயணங்களும் அதிகரித்து வருகின்றன. தேசியக் கொடியை ஏந்தி நாட்டைச் சுற்றி நடக்கும் இளைஞர்களை வழியெங்கும் மக்கள் மாலையிட்டு வரவேற்கிறார்கள். இன பேதமின்றித் தண்ணீரும் சோறும் கொடுக்கிறார்கள். பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் நாட்டைச் சுற்றி நடப்பது வேறு, ஒரு நோக்கத்துக்காக நிதி திரட்டுவது வேறு. முன்னையதற்கு இரண்டு கால்கள் போதும். பின்னையதற்கு ஒரு கணக்குப் புத்தகமும் தேவை.

எனது மாணவர்கள் கைத்தொலைபேசியில் பார்த்து வியந்த உதாரணம் ரஸ் குக் என்ற ஆங்கிலேய இளைஞர். ஆபிரிக்காக் கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காக ஓடிக் கடந்தவர். 2023 ஏப்ரலில் தென்னாபிரிக்காவின் அகுல்யாஸ் முனையில் தொடங்கி, 16 நாடுகளைத் தாண்டி, 352 நாட்களில் 16,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, 2024 ஏப்ரல் 7 ஆம் திகதி டியூனீசியாவின் வடகோடியிலுள்ள ராஸ் அஞ்சலாவில் முடித்தார். அந்த நாடு அப்போது நோன்பின் கடைசி நாட்களில் இருந்தது. அங்கோலாவில் துப்பாக்கி முனையில் அவருடைய குழுவினரிடம் பொருட்கள் பறிக்கப்பட்டன. வழியில் சிறுநீரில் இரத்தம் போனது, முதுகு வலியால் நாட்கணக்கில் முடங்கினார். அல்ஜீரியா விசா கிடைக்காமல் பயணமே நின்றுவிடும் நிலையும் வந்தது. 2024 ஜனவரியில் சமூக வலைத்தளத்தில் அவர் விடுத்த வேண்டுகோளை இலட்சக்கணக்கானோர் பார்த்த பிறகே அந்தக் கதவு திறந்தது.

இதையெல்லாம் பையன்கள் எனக்கு ஒப்புவித்தார்கள். அந்த ஓட்டத்தில் சேர்ந்த பணம் யாருக்குப் போனது என்று கேட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை. ஐந்து பேரில் ஒருவருக்கும்!

அது இரண்டு அமைப்புகளுக்குப் போனது. ஒன்று 'த ரன்னிங் செரிட்டி'. வீடற்ற இளைஞர்களையும், வாழ்க்கையில் தடுமாறி நிற்கும் இளைஞர்களையும் ஓட்டப் பயிற்சியின் ஊடாக நிமிர்த்தும் பிரித்தானிய அமைப்பு. ரஸ் குக்கே தனது இளமையில் மதுவிலும் சூதாட்டத்திலும் விழுந்து, ஓடத் தொடங்கிய பின்னர் எழுந்தவர். அதை அவர் மறைக்கவில்லை. மற்றையது 'சாண்ட்பிளாஸ்ட்'. மேற்கு சஹாராவின் சஹ்ராவி மக்களுக்காக இயங்குவது. 1975 இல் ஸ்பெயின் அந்த மண்ணை விட்டு வெளியேறிய பின்னர் இடம்பெயர்ந்த அம்மக்கள் இன்று வரை அல்ஜீரியாவின் டிண்டூப் பாலைவனத்தில் அகதி முகாம்களில் வாழ்கிறார்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் வளர்ந்த பிள்ளைகளை அறிந்த நமக்கு இது விளங்காத கதையல்ல. ஆனால் அந்த மக்களுக்காக ஓடியவர் வேர்திங் என்ற கடற்கரை ஊரைச் சேர்ந்த ஓர் ஆங்கிலேயர். இது நம்மைக் கொஞ்சம் யோசிக்க வைக்க வேண்டும்.

சேர்ந்த தொகை 10 இலட்சம் பவுணைத் தாண்டியது. அந்தப் பணம் ஓடியவரின் சட்டைப் பையைத் தொடவில்லை. இணையத்தில் இதற்கென உள்ள தளத்தில், எந்த அமைப்புக்கு என்று முன்கூட்டியே அறிவித்து, கொடுப்பவரின் பணம் அங்கிருந்து அந்த அமைப்புகளுக்குப் போகும் ஏற்பாடு. பின்னால் வந்த வேனுக்கும், குழுவினரின் சாப்பாட்டுக்கும், கெமராவுக்கும் அனுசரணையாளர்கள் வேறாக இருந்தார்கள். கவனிக்க வேண்டிய இன்னொன்று, பெருந்தொகை முதல் மாதத்தில் வரவில்லை. கடைசி நாட்களில்தான் குவிந்தது. ஏறக்குறைய ஒரு வருடம் மனிதர் ஓடிக் காட்டிய பிறகே உலகம் நம்பியது.

மக்கள் ஏன் ஒரு நடைக்குக் காசு கொடுக்கிறார்கள்? நடப்பதால் வாசிகசாலைக்கு ஒரு கல்லும் வராது. அந்த நேரத்தில் கூலி வேலை செய்தால் அதைவிடக் கூடுதலாக உழைக்கலாம் என்று வாதிடுபவர்களும் உண்டு. ஆனால் உண்டியலை நீட்டுபவனிடம் நாம் தேடுவது ஓர் அத்தாட்சி. இவன் இந்த விடயத்தில் உண்மையாக இருக்கிறானா? உடம்பை வருத்திக்கொள்பவன் அந்த அத்தாட்சியைத் தருகிறான். கனடாவில் டெரி பொக்ஸ் என்ற இளைஞர், புற்றுநோயால் ஒரு காலை இழந்து, செயற்கைக் காலோடு 1980 இல் 143 நாட்கள் ஓடினார். 5,373 கிலோமீற்றர் ஓடிய நிலையில் நோய் நுரையீரலுக்குப் பரவி ஓட்டம் நின்றது. அடுத்த வருடம் 22 வயதில் காலமானார். அவரிடம் யாரும் பற்றுச்சீட்டு கேட்டிருக்க மாட்டார்கள். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. வியர்வையைக் கண்டு மனமிளகினால் கேள்வி கேட்க மறந்து விடுகிறோம்.

கப்டன் டொம் மூரின் கதை இதற்குச் சரியான பாடம். 2020 கொரோனா முடக்க காலத்தில், 99 வயதான அந்த முன்னாள் இராணுவ வீரர் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, தனது 100 ஆவது பிறந்த நாளுக்கு முன்னர் வீட்டுத் தோட்டத்தை 100 தடவை சுற்றி நடப்பதாக அறிவித்தார். எதிர்பார்த்தது 1,000 பவுண். சேர்ந்தது 3 கோடி 20 இலட்சம் பவுணுக்கு மேல். அது அத்தனையும் பிரித்தானிய சுகாதார சேவைக்கான அறக்கட்டளைகளுக்குப் போனது. அந்தப் பணத்தில் ஒரு கறையும் இல்லை.

கறை பின்னர் வந்தது. அவர் பெயரில் குடும்பத்தினர் தனியாக ஓர் அறக்கட்டளையை ஆரம்பித்தார்கள். அந்நாட்டின் அறக்கட்டளை ஆணைக்குழு விசாரணை நடத்தி 2024 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையில், திரும்பத் திரும்ப இடம்பெற்ற பாரதூரமான முறைகேடுகளைக் கண்டதாகத் தெரிவித்தது. புத்தக ஒப்பந்தத்தில் கிடைத்த 14 இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட தொகை, மக்கள் நம்பியவாறு அறக்கட்டளைக்குப் போகவில்லை. அறக்கட்டளையின் பெயரையும் சேர்த்து அனுமதி கேட்டுக் கட்டப்பட்ட கட்டடம், பின்னர் நீச்சல் தடாகத்தோடு வேறு வடிவம் எடுத்ததால் இடிக்கப்பட்டது. மகளும் மருமகனும் அறக்கட்டளைகளில் பதவி வகிக்கத் தடை விதிக்கப்பட்டது.

ஒரே பெயரில், இரண்டு வருட இடைவெளிக்குள் நடந்தவை இவை. முதலாவதில் பணம் நேராகப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவதில் வீட்டுக்குள்ளால் போனது. இரண்டாவதையும் கண்டுபிடிக்க அங்கே ஓர் ஆணைக்குழு இருந்தது, அறிக்கை பகிரங்கமாக வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

நமது நாட்டிலும் நல்ல முன்மாதிரி இல்லாமலில்லை. 2011 இல் யுத்தம் முடிந்து இரண்டு வருடங்களில், தெற்கே தெவுந்தரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஒரு குழுவினர் 27 நாட்கள் நடந்தார்கள். ஏறக்குறைய 670 கிலோமீற்றர். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதே நோக்கம். 'கலர்ஸ் ஒப் கரேஜ்' அமைப்பு ஏற்பாடு செய்த அந்த நடையில் வழியெங்கும் ஊர் ஊராக மக்கள் சேர்ந்து நடந்தார்கள். வைத்தியசாலை இன்று கண்முன்னே நிற்கிறது. 2016 இல் அதே பாதையை வடக்கிலிருந்து தெற்காக நடந்தார்கள். அப்போது காலி கராப்பிட்டியவுக்காக. சிறுவயதில் தம்பியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மஹேல ஜயவர்தன அதில் முன்னின்றார். தெற்கத்தியர் வடக்குக்காக நடந்த அந்த முதல் நடையின் அரசியல் பெறுமதி பற்றித் தனியாக எழுதலாம். எனக்கு இங்கே முக்கியமானது, நடப்பதற்கு முன்னரே "இன்ன இடத்தில் இன்ன கட்டடம்" என்று சொன்னார்கள் என்பதுதான்.

நமது ஊர்களில் என்ன நடக்கிறது? சில வருடங்களுக்கு முன்னர் எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் கழகம் சைக்கிள் பவனி ஒன்றை நடத்தியது. வறிய மாணவர்களின் கல்விக்கு என்றார்கள். நானும் என் சம்பளத்திலிருந்து கொடுத்தேன், சக ஆசிரியர்களிடமும் வாங்கிக் கொடுத்தேன். நாற்பது பேருக்கு ஒரே நிற டீசேர்ட், ட்ரோன் கெமரா, பிரமுகர்களுக்குப் பொன்னாடை, இறுதியில் பகல் சாப்பாடு. எல்லாம் சிறப்பாக நடந்தது. எவ்வளவு சேர்ந்தது, எத்தனை மாணவர்களுக்குப் போனது என்று இன்று வரை ஒரு துண்டுக் கடதாசி வரவில்லை. யாரும் திருடினார்கள் என்று நான் சொல்லவில்லை. டீசேர்ட்டும் சாப்பாடும் போகக் கையில் மிஞ்சியது குறைவாக இருந்திருக்கும், அதைச் சொல்ல வெட்கப்பட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என்னிடம் காசு தந்த ஓர் ஆசிரியை அதற்குப் பிறகு எந்த நிதி சேகரிப்புக்கும் கொடுப்பதில்லை. "சேர், பள்ளிக்குக் குடுப்பன், பக்கத்து வீட்டுக்குக் குடுப்பன், பெனருக்குக் குடுக்க மாட்டன்" என்பார். அவரிடம் நான் என்ன பதில் சொல்ல?

வட்ஸ்அப்பில் வரும் வேண்டுகோள்களும் அப்படித்தான். தனிநபரின் வங்கிக் கணக்கு இலக்கம், ஒரு தொலைபேசி இலக்கம், "அவசரமாகப் பகிருங்கள்". தொகை சேர்ந்த பின்னர் "போதும்" என்று அறிவிப்பவர்கள் மிகச் சிலரே. 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பின்னர் முஸ்லிம் நிறுவனங்களின் பண வரவுகள் எவ்வளவு சந்தேகத்தோடு பார்க்கப்பட்டன என்பதை அனுபவித்த சமூகம் நாம். ஐந்து பையன்கள் நல்ல நோக்கத்தில் தொடங்கும் காரியம், கணக்கு இல்லாத காரணத்தால் நாளை யாருடைய வாயிலும் விழக்கூடாது. இன்னொரு சிறு விடயம், ஸகாத் பணத்துக்கு உரியவர்கள் யாரென்று வரையறை உண்டு. வாசிகசாலைக் கட்டடத்துக்கு ஸகாத்தைக் கேட்பதற்கு முன்னர் ஆலிம்களிடம் விசாரிக்க வேண்டும். ஸதகாவைத் தனியாகக் குறித்துக்கொள்வது பாதுகாப்பு.

இனி வெயில். இதைப் பற்றி எழுதும்போது கை நடுங்குகிறது. 2024 மார்ச்சில் நமது அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓட்டத்தில் ஓடிய 16 வயது மாணவன் உயிரிழந்தான். நமது பையன்களின் வயதுதான். பெப்ரவரி முதல் மே வரையான காலத்தில் கிழக்குக் கரையோரத்தில் வெயில் மட்டுமல்ல, காற்றின் ஈரப்பதனும் சேர்ந்து உடம்பைச் சூடாக்குகிறது. வியர்வை வடிகிறது, ஆனால் காயாததால் உடம்பு குளிர்வதில்லை. தலைச்சுற்று, வாந்தி, பேச்சுக் குழறுதல் வந்தால் அது களைப்பல்ல, வெப்ப அதிர்ச்சி. அந்த இடத்திலேயே நிழலில் கிடத்தித் தண்ணீர் ஊற்றி உடம்பைக் குளிர்விக்க வேண்டும், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். தாகத்துக்கு வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. உப்பும் போகிறது, ஜீவனி கலந்து குடிக்க வேண்டும். ரஸ் குக்கின் காணொளியில் முப்பது செக்கனுக்குள் போய்விடும் "இரத்தம் வந்தது" என்ற பகுதி, உண்மையில் பல நாள் ஓய்வும் வைத்தியப் பரிசோதனையும்.

பொத்துவிலிலிருந்து கல்முனை ஏறக்குறைய 70 கிலோமீற்றர். ஒரே நாளில் நடக்கப் போவதாகத்தான் வந்தார்கள்! பிரதான வீதி, பஸ்ஸும் லொறியும் பறக்கிற பாதை.

அவர்களுக்கு நான் சொன்னவை இவை. மூன்று நாட்களாகப் பிரியுங்கள். சுபஹுக்குப் பிறகு தொடங்கி ஒன்பது மணிக்கு நிறுத்துங்கள், அஸருக்குப் பிறகு மீண்டும் நடவுங்கள். பொலிஸில் அறிவியுங்கள். பின்னால் ஒரு வாகனமும் முதலுதவி தெரிந்த ஒருவரும் வேண்டும். ஒவ்வொருவரும் வாப்பா உம்மாவிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பாடசாலையின் பெயரைப் பாவிப்பதாக இருந்தால் அதிபரின் அனுமதி வேண்டும், அதற்குச் சுற்றறிக்கை உண்டு. காசை நீங்கள் தொடாதீர்கள். பிரதேச செயலகத்தில் பதிந்த வாசிகசாலைச் சங்கம் பெயரளவில் இன்னும் இருக்கிறது, அதன் வங்கிக் கணக்கை உயிர்ப்பித்து இருவர் கையொப்பத்தோடு அதற்கே போடச் சொல்லுங்கள். டீசேர்ட் வேண்டாம். வீட்டிலிருக்கும் வெள்ளைச் சேர்ட் போதும்.

டீசேர்ட் வேண்டாம் என்றதும் முகங்கள் வாடிவிட்டன. வயது அப்படி. நானும் கலாசாலையில் படித்த காலத்தில் விளையாட்டுப் போட்டியின் இல்லச் சட்டைக்காகச் சண்டை பிடித்தவன்தான்.

ஒரு மாணவி பின்னர் என்னிடம் வந்து, "பொம்பிளப் பிள்ளைகள் நாங்க என்ன செய்யிற சேர்?" என்று கேட்டாள். வீதியில் நடப்பதுதான் ஒரே வழியா என்று எனக்கும் அப்போதுதான் தோன்றியது. உடம்பை வருத்துவது எத்தனையோ விதம். முப்பது நாட்கள் தினமும் இரண்டு மணித்தியாலம் சிறுவர்களுக்கு வாசிக்கப் பழக்குவோம், ஒரு நாளுக்கு இவ்வளவு என்று அனுசரணை கேட்போம் என்று அவளும் தோழிகளும் திட்டம் போட்டிருக்கிறார்கள். அதிலே கெமராவுக்கு வேலையில்லை, ஆகவே காசு குறைவாகச் சேரலாம். ஆனால் காசு சேராவிட்டாலும் பிள்ளைகள் வாசிக்கப் பழகியிருக்கும்.

பையன்கள் ஒரு கிழமை வரவில்லை. கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். கடந்த வியாழக்கிழமை ஒருவன் மட்டும் வந்தான். கையில் ஒரு சிஆர் கொப்பி. முதல் பக்கத்தில் கட்டடத்துக்கான மதிப்பீடு, மேசன்பாஸிடம் கேட்டு எழுதியது: கூரைத் தகடு, இரண்டு யன்னல், கதவு, மின்குமிழ், பெயின்ற். அடுத்த பக்கத்தில் வரவு, செலவு என்று கோடு போட்டிருந்தான். செலவுப் பக்கத்தில் ஏற்கனவே ஒரு வரி இருந்தது.

"சிஆர் கொப்பி ஒன்று. சொந்தக் காசு."