பெயரில்லாப் படங்களும் பெயர் பொறித்த கெண்டிகளும்

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையைத் தென்சென்னைப் புறநகர்வாசிகள் நன்கறிவர். செடிகொடிகள் முதல் பழைய கடிகாரங்கள் வரை அங்கே கிடைக்கும். அவற்றினூடே மூக்கு நீண்ட செம்புக் கெண்டிகளும், ஈயம் தேய்ந்த பாத்திரங்களும், கண்ணாடிச் சட்டமிட்ட குடும்பப் படங்களும் விலைக்கு வருகின்றன. ஜும்ஆத் தொழுகை முடிந்து அவ்வழியே செல்லும் நாம் அவற்றை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். ஏதோ ஒரு வீட்டின் பரணிலிருந்து இறங்கியபோதே அவற்றுக்குரிய பெயர்களும் தொலைந்துவிட்டன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் பகுதியைப் பற்றிப் பொது வரலாறு சொல்வது சொற்பமே. பல்லாவரத்தில் ஆங்கிலேயரின் படை முகாம் இருந்தது. கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931இல் மின்ரயில் ஓடத் தொடங்கியது. குரோம் தோல் தொழிற்சாலையால் குரோம்பேட்டை தன் பெயரைப் பெற்றது. தோல் பதனிடும் தொழிலையும் ரயிலையும் வணிகத்தையும் நம்பி வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பங்கள் எவ்வூரிலிருந்து வந்தன? முதலில் எந்தத் திண்ணையில் ஜமாஅத்தாகத் தொழுதன? நோன்புக் கஞ்சிக்கு அரிசி கொடுத்தவர் யார்? இவற்றுக்கான விடைகள் நம் வீட்டு அலமாரிகளிலும் பரண்களிலுமே இருக்கின்றன.

யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடரைக் கல்வியின் ஒரு துறையாகவே வளர்த்தெடுத்த சமுதாயம் நம்முடையது. தொடர் அறுந்த செய்தியை நம் இமாம்கள் எளிதில் ஏற்றதில்லை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா 282ஆம் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம். இத்தகைய மரபில் வந்த நாம், பாட்டனார் துருக்கித் தொப்பியணிந்து நிற்கும் படத்தின் பின்புறத்தில் அவர் பெயரைக்கூட எழுதாமல் விடுவது பொருந்துமா? அவரை அடையாளம் காட்டக்கூடிய கடைசி முதியவரும் மறைந்தபின், அப்படம் தொடர் அறுந்த செய்தியாகிவிடுகிறது.

உருவப்படம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை நாம் மதிக்கிறோம். படங்களைச் சுவரில் மாட்டிப் போற்றும்படி இங்கு எவரையும் அழைக்கவில்லை. கடவுச்சீட்டிலும் குடும்ப அட்டையிலும் தேவை கருதிப் படத்தை ஏற்கும் நாம், ஒரு தலைமுறையின் சான்றையும் அதே தேவையின் கண்கொண்டு பார்க்கலாம். உறையிலிட்டுப் பெட்டியில் வைத்தாலே போதுமானது. மனம் ஒப்பாதவர்கள் பள்ளிவாசலின் பழைய முகப்பு, கிணறு, தெரு ஆகியவை தெரியும் படங்களையேனும் பேணலாம்.

செம்புப் பாத்திரத்திற்கு இந்தத் தயக்கமும் தேவையில்லை. படங்களில் காணக் கிடைக்காத பெண்கள் பலர் பாத்திரங்களில் இருக்கிறார்கள். பழைய படங்களில் ஆண்களே வரிசையாக நிற்பர். பாட்டிமார்களின் முகம் அரிது. ஆனால் சீராக வந்த கெண்டியிலும் குடத்திலும் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டும் வழக்கம் தமிழகத்தில் பரவலாக இருந்தது. அந்தச் சில எழுத்துகளே ஒரு பாட்டியின் பெயர் நமக்கு எஞ்சியிருக்கும் ஒரே இடமாகவும் இருக்கலாம். பாத்திரத்தை எடைக்குப் போடும்போது கடைக்காரர் செம்புக்கு மட்டுமே விலை தருகிறார். பெயர் உலைக்குப் போய்விடுகிறது.

இதைச் செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் சேர்த்த நூல்களே இன்று தரமணியில் ஓர் ஆய்வு நூலகமாக நிற்கின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு தமிழகத்தின் பழைய ஸ்டுடியோக்களில் எஞ்சிய படங்களைத் தேடி மின்னுருவாக்கியது. நம் ஜமாஅத்கள் இவ்வளவு பெரிதாகத் தொடங்க வேண்டியதில்லை. 2025ஆம் ஆண்டின் வக்ஃப் திருத்தச் சட்டத்திற்குப் பின் சொத்து விவரங்களை இணையத்தில் பதிவேற்ற வேண்டியிருந்தபோது, பழைய காகிதங்களைத் திரட்டுவது எவ்வளவு கடினம் என்பதைப் பல நிர்வாகங்கள் உணர்ந்தன. பழைய படம் பத்திரத்திற்கு ஈடாகாது. எனினும் ஒரு கட்டடம் எப்போது, எப்படி இருந்தது என்பதை அது எடுத்துச் சொல்லும்.

ஆகவே நாம் முன்வைப்பது எளிய வேலையே. வரும் விடுமுறையில் மக்தபின் மூத்த மாணவர்கள் தத்தம் வீட்டு முதியவர்களிடம் அமர்ந்து, ஒவ்வொரு படத்திலும் இருப்பவர் யார், எவ்வூர், என்ன தொழில் என்று கேட்டு எழுதட்டும். பெயரைப் பேனாவால் எழுதினால் மை ஊறும். மென்மையான பென்சிலால் பின்புறத்தில் எழுதுவதே நன்று. பசையுள்ள ஆல்பமும் லாமினேஷனும் படத்தைக் கெடுக்கும். கைபேசியில் எடுத்த நகலோடு நின்றுவிடாமல், இயன்றவர்கள் ஸ்கேன் செய்து ஜமாஅத் அலுவலகத்தில் ஒரு பிரதி வைக்கலாம். கெண்டியைப் புளியும் செங்கற்பொடியும் கொண்டு ஓயாமல் தேய்த்தால் வெட்டிய எழுத்து மழுங்கிவிடும். மென்துணியால் துடைத்தால் போதும்.

விற்றே ஆக வேண்டிய நெருக்கடி இருந்தால் விற்பதில் குற்றமில்லை. விற்கும் முன் அந்த எழுத்துகளை ஒரு படம் எடுத்து, அவர் யாருக்கு என்ன உறவு என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் மூத்தவர் நலமாக இருக்கும்போதே இதைச் செய்வோமாக. அல்லாஹ் நம் முயற்சியை ஏற்றுக்கொள்வானாக, ஆமீன்.