ரவிக்கை இல்லாதது யாருடைய பாரம்பரியம்?

பள்ளி ஆண்டு விழா, பொங்கல் விழா என்றால் பொன்னமராவதி வட்டாரத்தில் கிராமிய நடனம் இல்லாமல் இருக்காது. கண்டாங்கிச் சேலை, பின்கொசுவம், கணுக்காலுக்கு மேலே ஏற்றிய கட்டு, தலையில் கரகம். பிள்ளைகள் அழகாகத்தான் ஆடுகிறார்கள். 'இதுதான் நம் பாரம்பரிய உடை' என்று ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். ரவிக்கை போடாமல் கண்டாங்கி கட்டிப் படம் எடுப்பதும் இப்போது அந்தப் பாரம்பரியக் கணக்கில் சேர்ந்துவிட்டது. அந்த 'நம்' என்ற சொல்லுக்குள் நாங்கள் இருக்கிறோமா?

கண்டாங்கியை நாங்கள் குறை சொல்லவில்லை. அது காரைக்குடி நெசவாளர்களின் உழைப்பு. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் எங்களுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் சேலையின் பெருமையைப் பேசுகிறவர்கள் சேலை கட்டியவர்களின் கதையில் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பாதி இதுதான். அன்று பொன்னமராவதி புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. பக்கத்திலிருந்த காரைக்குடியோ பிரிட்டிஷ் ஆட்சியின் இராமநாதபுரம் மாவட்டம். அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. தங்க, வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக் கூடாது; சட்டை, பனியன் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அடுத்த ஜூனில் தடைகள் பதினொன்றாயின. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் தம் நூலில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

அந்தக் காலத்தில் பல சாதிப் பெண்களும் ரவிக்கை போட்டதில்லையே என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒருத்திக்கு அது வழக்கம், இன்னொருத்திக்கு உத்தரவு. பழைய புகைப்படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அண்ணல் அம்பேத்கருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தது. 1927 டிசம்பரில் மகாத் மாநாட்டுக்கு வந்த பெண்களிடம், தீண்டத்தகாதவர் என்று அடையாளம் காட்டும் சேலைக்கட்டையும் நகைகளையும் விட்டுவிடச் சொன்னார். முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டியிருந்த பெண்கள் உடனே சேலையைக் கீழே இறக்கிக் கட்டினார்கள். ஊரார் அவர்களின் வழக்கம் என்று சொல்லியிருக்கக்கூடிய ஒன்றை, தங்கள் மானத்துக்காக அவர்கள் தாங்களே கைவிட்டார்கள்.

ஆசிரியர்களிடமும் விழாக் குழுவினரிடமும் நாங்கள் கேட்பது பெரிய விஷயம் அல்ல. கிராமிய நடனம் நடக்கட்டும். கரகமும் பறையும் தொழிலாகக் கொண்ட கலைஞர்களை அழைத்து, உரிய சம்பளம் கொடுத்து, பிள்ளைகளுக்குக் கற்றுத்தரச் சொல்லுங்கள். பாரம்பரியம் என்ற பெயரில் எந்தப் பெண் பிள்ளையின் ரவிக்கையையும் கழற்றச் சொல்லாதீர்கள். உடையைப் பற்றி மேடையில் இரண்டு நிமிடம் பேசினால், அதில் அரை நிமிடம் 1930-ஐப் பற்றிப் பேசுங்கள்.

தடையை மீறி ரவிக்கை போட்ட பெண்களும் இந்த மண்ணின் பாரம்பரியம்தான். அவர்களையும் மேடையேற்றுங்கள்.