காரின் உட்புறமும் நீராவிக் கருவியும்



காஞ்சிபுரத்திற்கு மேற்கே, சென்னையிலிருந்து வேலூர் வழியாகப் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, பாலுசெட்டிசத்திரத்துக்கு அருகில் இருக்கிறது திருப்புட்குழி. புள் என்றால் பறவை. ஜடாயு கதையோடு தொடர்புடைய விஜயராகவப் பெருமாள் கோயிலால் அறியப்பட்ட ஊர். அங்கிருந்து சகோதரர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். சொந்தமாக ஒரு வாடகைக் கார் வைத்திருக்கிறார். கல்யாணப் பட்டு எடுக்க வரும் குடும்பங்களைக் காஞ்சிபுரத்துக் கடைகளுக்கு ஏற்றிச் சென்று வருவதுதான் அவருடைய பிழைப்பு. சில மாதங்களாக வண்டிக்குள் ஒரு வாடை. ஏறுகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். இளைப்பு நோயுள்ள அவருடைய இளைய பிள்ளை அந்த வண்டியில் எங்கேனும் போய்வந்தால் அன்றிரவு இருமுகிறானாம். ஸ்டீம் கிளீனர் வாங்கினால் எல்லாம் தீரும் என்று ஒரு விளம்பரத்தில் கண்டாராம். மனைவியின் சீட்டுப் பணம் கைக்கு வரப் போகிறது; அதைக் கொண்டு வாங்கலாமா என்று கேட்கிறார்.

நம் விடை: உடனே வாங்க வேண்டாம். முதலில் அந்த வாடை எங்கிருந்து வருகிறதென்று பாருங்கள். ஏசியைப் போட்ட முதல் நிமிடத்தில் மட்டும் புளித்த நாற்றம் வீசினால், குற்றம் சீட்டில் இல்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால், குளிர்ச்சி உண்டாகும் சுருள் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. அங்கே பூஞ்சை பிடித்திருக்கும். பல கார்களில் கையுறைப் பெட்டிக்குப் பின்புறம் காற்றை வடிகட்டும் ஒரு தாள் சல்லடை உண்டு. அது தூசியால் கறுத்து அடைத்துக் கிடக்கும். காற்று வரும் வாயில் ஆவியைப் பீய்ச்சினால் அந்த ஆவி சுருள் வரை போய்ச் சேராது. சல்லடையை மாற்றுவதற்கும், மெக்கானிக்கைக் கொண்டு சுருளைக் கழுவுவதற்கும் ஆகும் செலவு கருவியின் விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். தரைவிரிப்பைத் தூக்கி அடியில் கை வைத்துப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் மழைநீரோ ஏசித் தண்ணீரோ எங்கோ கசிகிறது என்று பொருள். அந்தக் கசிவை அடைக்காமல் மேலே எதைச் செய்தாலும் பயனில்லை. பிள்ளையின் இளைப்புக்கு மருத்துவரைப் பார்ப்பதும் வண்டியைத் துலக்குவதும் தனித்தனி வேலைகள். இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதைத் தள்ளிப் போட்டுவிடாதீர்கள்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் வாடை சீட்டிலும் விரிப்பிலும்தான் என்று தெரிந்தால், அப்போது நீராவியைப் பற்றிப் பேசலாம்.

ஆவியின் பலம் எதில் இருக்கிறது? ஒரு கிலோ தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிநிலை வரை சூடாக்க ஏறத்தாழ 293 கிலோஜூல் வெப்பம் போதும். கொதிக்கும் அதே தண்ணீர் முழுவதும் ஆவியாவதற்கு மேலும் 2,257 கிலோஜூல் வேண்டும். இந்த மறை வெப்பத்தை 1760-களில் கிளாஸ்கோவில் அளந்து காட்டியவர் ஜோசப் பிளாக். ஆவி குளிர்ந்த பொருளொன்றைத் தொட்டு மீண்டும் நீராகும்போது அவ்வளவு வெப்பத்தையும் அங்கேயே இறக்கிவிடுகிறது. குக்கர் மூடியின் ஆவி பட்டு வெந்த கையை வெந்நீர் பட்ட கையோடு ஒப்பிட்டுப் பார்த்த சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த வெப்பத்தில் நெய்ப் பிசுக்கு இளகுகிறது; தூசியில் வாழும் நுண்பூச்சிகள் மடிகின்றன. இவ்வளவும் மிகக் குறைந்த தண்ணீரில் நடந்துவிடும். ஒரு காரின் உட்புறம் முழுவதற்கும் ஓரிரு லிட்டர் போதும். 2019 ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வற்றிச் சென்னை மக்கள் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்ததைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் விளம்பரம் சொல்லாத ஒன்று உண்டு. ஆவி அழுக்கை எங்கும் கொண்டு போவதில்லை. இளக்கி மட்டும் விடுகிறது. துணியோ உறிஞ்சு கருவியோ அதை உடனே எடுத்தாக வேண்டும். இல்லையேல் இளகிய அழுக்கு சற்று ஆழமாக இறங்கி, ஈரத்தோடு பஞ்சுக்குள் உட்கார்ந்துகொள்ளும். செத்த நுண்பூச்சியும் அதன் கழிவும்கூடச் சீட்டிலேயே கிடந்தால் இளைப்புக்காரருக்குத் தொல்லை குறையாது. ஆகவே வாக்குவம் கிளீனர் இல்லாத வீட்டுக்கு முதலில் தேவைப்படுவது அதுதான். தண்ணீரையும் உறிஞ்சும் வகையாக இருந்தால் மிக நல்லது. சீட்டுப் பணத்தில் ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் நாம் அதையே வாங்கச் சொல்வோம்.

இரண்டாவதாக நீராவிக் கருவியும் வாங்கப் புகுவோருக்குச் சில குறிப்புகள்.

காஞ்சிபுரத்தில் மந்தாரை இலை வைத்து அவிக்கும் கோயில் இட்லியைப் பலரும் அறிவர். வேகும்போது மூடியைத் திறந்தால் புகைபோல் எழுவது ஒன்று, மூடியிலிருந்து சொட்டுவது ஒன்று. நமக்கு வேண்டியது முன்னது, சொட்டு வேண்டாம். கையிலேயே பிடிக்கும் சிறு கருவிகள் பெரும்பாலும் கெண்டி போன்றவை. சாய்த்தால் வெந்நீரைத் துப்பும். சில நிமிடங்களில் தீர்ந்தும் போகும். காற்று வாய், பொத்தான் இடுக்கு ஆகியவற்றுக்கு அவை போதுமே தவிர, முழுச் சீட்டுக்கு ஆகா. தரையில் உருளும் கொதிகலனும் நீண்ட குழாயும் உள்ள வகையே பயன்படும். அதில் அழுத்தம் 3 பார் என்றால் உள்ளே வெப்பம் சுமார் 143 பாகை. 4 பார் என்றால் சுமார் 152 பாகை. அழுத்தம் கூடினால் ஆவியில் ஈரச் சொட்டு குறையும். ஆவியின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் திருகு ஒன்று அவசியம் இருக்க வேண்டும்.

பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களைக் கண்டு மயங்காதீர்கள். 1,500 வாட் கருவி நிமிடத்துக்குத் தரும் வெப்பம் 90 கிலோஜூல். அதைக் கொண்டு தொடர்ந்து உண்டாக்கக்கூடிய ஆவி நிமிடத்துக்கு ஏறத்தாழ 35 கிராம்தான். அதே வாட்டில் நூறு கிராம் தொடர்ந்து வரும் என்று கடைக்காரர் சொன்னால் புன்னகைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம். 2,000 வாட் கருவி எட்டு ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் துளையிலும், மெல்லிய நீட்டிப்புக் கம்பியிலும் மாட்டக் கூடாது. மண்ணிணைப்புள்ள 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். கலன் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவிடாத பூட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். பிள்ளைகள் நடமாடும் வீட்டில் அதை விட்டுக்கொடுக்கவே கூடாது. பழுது பார்ப்போரும் ரப்பர் வளையமும் காஞ்சிபுரத்திலோ சென்னையிலோ கிடைக்கவில்லையெனில், எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்தக் கருவி நமக்கு உதவாது.

இனிப் பயன்படுத்தும் முறை. வெயில் உள்ள காலைப் பொழுதைத் தேர்ந்தெடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம். நனைந்த பஞ்சு காயாது. மிதியடிகளை வெளியே எடுத்து, சீட்டின் இடுக்குகள் வரை தூசியை உறிஞ்சிவிடுங்கள். தூசியிருக்க ஆவி விட்டால் சேறுதான் உண்டாகும். கருவி சூடானதும் முதல் பீய்ச்சலை ஒரு பழந்துணியில் விடுங்கள். குழாயில் தங்கிய வெந்நீர் வெளியேறிய பிறகே சீட்டைத் தொட வேண்டும். முனையில் பருத்தித் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஓரிடத்தில் நிறுத்தாமல், ஒரு சாண் அகலமாகத் துடைத்துக்கொண்டே போங்கள். மறு கையில் உலர்ந்த துணி பின்தொடரட்டும். துணி கறுத்தால் மடிப்பை மாற்றுங்கள். நாலைந்து துணியாவது வேண்டியிருக்கும். பழைய வேட்டியைக் கிழித்து வைத்துக்கொள்வது நல்லது.

ஆவி ஆகாத இடங்களும் உண்டு. கூரையின் உட்துணியைப் பசையால்தான் ஒட்டியிருக்கிறார்கள். ஆவி பட்டால் பசை விட்டுத் தலைமேல் தொங்கும். ரெக்ஸினும் தோலும் அதிக வெப்பத்தில் சுருங்கும், வெடிக்கும். அவற்றில் ஆவியைத் துணியில் மட்டும் ஏற்றி, அந்தத் துணியால் துடைக்க வேண்டும். எதுவானாலும் சீட்டின் அடியில், கண் படாத ஓரத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள். தொடுதிரை, பாட்டுப் பெட்டி, கண்ணாடி இறக்கும் பொத்தான்கள் ஆகியவற்றின் பக்கம் ஆவி போகவே கூடாது. முன் சீட்டுகளின் அடியில் மஞ்சள் நிற இணைப்புகள் தெரிந்தால் அவை விபத்தில் விரியும் காற்றுப்பைக்கு உரியவை, கையாலும் தொடாதீர்கள். ஏசியில் குளிர்ந்திருக்கும் கண்ணாடியில் திடீரென்று ஆவியைப் பீய்ச்சினால் விரிசல் விழக் கூடும்.

கறைகளில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பால், முட்டை, இரத்தம், பிள்ளை வாந்தி எடுத்த இடம் ஆகியவற்றில் எடுத்த எடுப்பில் ஆவி விட்டால், முட்டை வெந்து இறுகுவது போலக் கறையும் நூலோடு இறுகிவிடும். முதலில் வழித்தெடுத்து, குளிர்ந்த நீரால் ஒற்றி ஒற்றி எடுத்த பிறகே ஆவி. பிரியாணி நெய்யை ஆவி நன்றாகவே எடுக்கும். ஆனால் அதிலுள்ள மஞ்சள் நிற்கும். அதில் சோப்பைத் தேய்த்தால் சிவந்து உங்களை அச்சுறுத்தும். அது சோப்பின் காரத்தால் வரும் நிறம். சோப்பைத் துடைத்தெடுத்துவிட்டு வெயிலில் வைத்தால் நாளடைவில் மங்கும். பட்டுப் புடவைப் பெட்டி சீட்டில் இருக்கும்போது ஆவி வேலை வேண்டாம். சொட்டுப் பட்டால் பட்டில் வளையம் விழும், சாயமும் கசியலாம்.

குழந்தை சிறுநீர் கழித்த சீட்டைப் பற்றிச் சகோதரிகள் பலர் கேட்பதுண்டு. வாடை போவது ஒன்று, மார்க்கச் சட்டப்படி அந்த இடம் சுத்தமாவது மற்றொன்று. ஆவி முன்னதற்கே உதவும். பின்னதைப் பற்றி உங்கள் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னால், ஈரத்தையும் உறிஞ்சும் கருவி இருந்தால் அது சிரமமில்லை. ஊற்றிய நீரைப் பஞ்சில் தங்கவிடாமல் எடுத்துவிடலாம். அத்தர் தெளித்து வாடையை மூடுவது மட்டும் வேண்டாம். பூட்டிய காரின் வெயிலில் இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒரு நாற்றம் பிறக்கும்.

2015 டிசம்பரில் சென்னையிலும் காஞ்சிபுரம் மாவட்டத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும் எத்தனையோ கார்கள் வெள்ளத்தில் நின்றன. அத்தகைய வண்டியை ஆவியால் மீட்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம். சீட்டைக் கழற்றி, விரிப்பையும் அதன் அடியிலுள்ள பஞ்சு மெத்தையையும் வெளியே எடுத்து, கழுவி, நாட்கணக்கில் காயவைக்க வேண்டும். ஊறிப்போன மெத்தையை மாற்றிவிடுவதே மேல். பழைய கார் வாங்குவோர் விரிப்பின் அடியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது. மேற்புறம் மட்டும் ஆவியால் துலக்கிய வெள்ளக் கார்களும் விற்பனைக்கு வருவதுண்டு.

வேலை முடிந்ததும் நான்கு கதவுகளையும் திறந்து வைத்து மூன்று, நான்கு மணி நேரம் வெயில் காட்டுங்கள். பிறகு கண்ணாடியை மூடி ஏசியைக் கால் மணி நேரம் ஓடவிட்டால் காற்றிலுள்ள மிச்ச ஈரத்தையும் அது இழுத்துவிடும். சீட்டின் மேல் வெள்ளைத் தாளை வைத்து உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். தாள் நைந்தால் இன்னும் காயவில்லை.

கருவிக்கும் பராமரிப்பு உண்டு. ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீரை ஊற்றினால், டீக்கடைக் கெண்டியில் படிவது போலக் கலனுக்குள் சுண்ணப் படலம் ஏறி முனை அடைத்துக்கொள்ளும். கையேட்டைப் பார்த்துவிட்டு, மாடியில் பிடித்து மெல்லிய துணியில் வடிகட்டிய மழைநீரையோ ஆர்.ஓ. நீரையோ ஊற்றுங்கள். வாசனைத் திரவியம், வினிகர், பிளீச்சிங் பவுடர் எதுவும் கலனுக்குள் கூடாது. வேலை முடிந்து கருவி முழுவதும் ஆறிய பிறகே மூடியைத் திறந்து, மிஞ்சிய நீரைக் கவிழ்த்துக் கொட்டி, மூடியைத் திறந்தபடியே ஓரிரவு வையுங்கள்.