மண்ணுக்குள் மழைநீர்த் தாங்கி: கல்முனைக்கு ஒவ்வாத வேலை

மழைநீரைச் சேமிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் எனத் தொடரும் அம்பாறைக் கரையோர ஊர்களுக்கு அது மிகவும் வேண்டியது. நான் மறுப்பது ஒன்றைத்தான்: அந்த நீரை நிலத்துக்கடியில் தாங்கி கட்டிச் சேமிக்கச் சொல்லும் யோசனையை.

"வளவு சிறியது, மேலே இடமில்லை, ஆகவே கீழே கட்டுவோம்" என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கீழே மட்டும் இடம் இருக்கிறதா? மாரி காலத்தில் இந்த மணல் நிலத்தைச் சற்றே தோண்டினாலும் நீர் ஊறுகிறது. 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் இம்மாவட்டத்தை வெள்ளம் மூடியதை நாம் மறந்துவிடவில்லை. இயற்கை ஏற்கெனவே நிரப்பி வைத்திருக்கும் நீருக்குள்தான் நாம் தாங்கியைப் புதைக்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். உள்ளளவில் 2 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம், ஒன்றரை மீற்றர் ஆழம் கொண்ட தாங்கி 6,000 லீற்றர் கொள்ளும். சுவர், அடித்தளம், மூடி எல்லாம் 10 சென்ரிமீற்றர் தடிப்புக் கொங்கிறீற் என்றால் அதன் எடை 5 தொன்னுக்குச் சற்று மேல். சுற்றியுள்ள நீர் நிலமட்டம் வரை உயர்ந்தால் தாங்கியை மேலே தள்ளும் விசையோ 8 தொன்னுக்கு மேல். வெறுமையாக இருக்கும் வேளையில் அது கிளம்பும், அல்லது வெடிக்கும். சில ஆட்கள் சேர்ந்து தூக்கக்கூடிய பிளாஸ்டிக் தாங்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "எப்போதும் நிறைத்தே வைத்திருப்போம்" என்பார்கள். கழுவுவதற்கு இறைக்கும் நாளில் என்ன செய்வார்கள்?

மிதப்பதாவது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஆபத்தே பெரிது. மேலே நிற்கும் தாங்கியில் கீறல் விழுந்தால் நீர் வெளியே ஒழுகும், நாம் கண்டுகொள்வோம். புதைந்த தாங்கியில் கீறல் விழுந்தால், வெளிநீர் உயர்ந்திருக்கும்போது அது உள்ளே வரும். நெருக்கமாக வீடுகள் அமைந்த ஊரில் அந்த வெளிநீர் எது? அடுத்த வளவின் மலசலகூடக் குழியில் இருந்து கசிவதும் அதில் சேர்ந்ததுதான். கிணற்று நீரை நம்ப முடியாது என்றுதானே மழைநீரைத் தேடினோம்? அதே நீரைச் சீமெந்துச் சுவருக்குள் அழைத்துவந்து பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுப்பதா?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர், கிழக்குக் கரையின் உப்பேறிய கிணறுகள் திரும்பத் திரும்ப இறைக்கப்பட்டன. இறைக்க இறைக்க அடியில் இருந்த உவர்நீர் மேலேறியது. உவர்நீரின்மேல் நன்னீர் மெல்லிய படையாக மிதக்கும் நிலம் இது என்பதை எண்ணிப் பாராமல் செய்த வேலை அது. அந்தப் பாடத்தை இருபது ஆண்டுகளில் தொலைத்துவிட்டோமா?

தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அங்கே வற்றிப்போன நிலத்தடி நீரை மீட்பதற்காக மழையை மண்ணுக்குள் இறக்கினார்கள். அது அந்த நிலத்துக்குரிய மருந்து. நம் நாட்டிலும் 2007ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத் திருத்தம் மழைநீர் சேகரிப்புக்கு வழிசெய்தது. நல்லது. ஆனால் 'சேமி' என்பதற்குப் 'புதை' என்று பொருள் இல்லை.

செய்ய வேண்டியது எளிது. வீட்டுச் சுவரோரம், வெள்ளம் எட்டாத மேடையில், உயரமான வட்டத் தாங்கியை நிறுத்துங்கள். கூரைப் பீலியை அதில் சேருங்கள். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விடுங்கள். வேறு வழியே இல்லாமல் புதைப்பதானால், அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே நீட்டி அதன்மேல் மண்ணைப் பாரமாக ஏற்றுங்கள். வாயை வெள்ள மட்டத்துக்கு மேலே உயர்த்துங்கள். மாரியில் ஒருபோதும் முழுதாக இறைக்காதீர்கள்.

இவற்றைச் சொல்லாமல் வரைபடத்தை நீட்டும் அதிகாரியிடமும் உதவி நிறுவனத்திடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மார்கழியில் எங்கள் வளவில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது?" விடை தெரியாதவர் கையில் மண்வெட்டியைக் கொடுக்காதீர்கள்.