சீலிங்கை மூடுவதற்கு முன்... லைட்டுக்காக ஒரு நாள் ஒதுக்குங்கள்!

வீட்டைப் புதுப்பிக்கும்போது டைல்ஸுக்காக நாலு கடை ஏறி இறங்குவார்கள். பெயின்ட் நிறத்துக்காக ஒரு வாரம் குடும்பமே வாக்குவாதம் செய்யும். லைட் விஷயம் மட்டும் போனிலேயே முடிந்துவிடும். ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர், "ஹாலுக்கு எத்தனை லைட் மேடம்?" என்று கேட்பார். "எட்டு போட்டுடுங்கண்ணா" என்று பதில் போகும். ஜிப்சம் போர்டில் எட்டு ஓட்டை விழுந்துவிடும்.

சீலிங்குக்குள் பதிக்கும் இந்த டவுன்லைட் பழுதானால் மாற்றுவது சுலபம். இரண்டு ஸ்பிரிங் கிளிப்தான், இழுத்தால் கையோடு வந்துவிடும். இடத்தை மாற்றுவதுதான் வம்பு. பழைய ஓட்டையை அடைத்து, பட்டி பார்த்து, சீலிங் முழுக்க மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும். அதனால் லைட்டுக்கான யோசனை எல்லாம் போர்டை ஸ்க்ரூ போட்டு மூடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ஃபேனை மறந்துவிடாதீர்கள்

இணையத்தில் பார்க்கும் வெளிநாட்டு ஹால் படங்களில் பெரும்பாலும் சீலிங் ஃபேன் இருக்காது. நம் வீட்டில் ஃபேன் இல்லாமல் முடியுமா? அந்தப் படத்தைக் காட்டி அப்படியே செய்யச் சொன்னால் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கும். சீலிங் லைட் ஃபேன் இறக்கைக்கு மேலே இருக்கிறது. இறக்கை சுற்றும்போது ஒளியை வெட்டி வெட்டி விடும். தரையிலும் சுவரிலும் நிழல் படபடவென்று ஓடும். பத்து நிமிடம் அங்கே உட்கார்ந்து படித்தால் தலை வலிக்கும்.

10 அடிக்கு 14 அடி ஹாலை எடுத்துக்கொள்வோம். சீலிங் இறக்கிய பிறகு உயரம் சுமார் ஒன்பதரை அடி நிற்கும். உயரத்தில் ஏறக்குறைய பாதி தூரத்துக்கு ஒரு லைட், சுவரிலிருந்து அதிலும் பாதி தூரம் என்பது வழக்கமான கணக்கு. அப்படிப் பார்த்தால் இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று, மொத்தம் ஆறு லைட். எட்டு தேவையே இல்லை.

ஆனால் இந்தக் கணக்கில் நடு லைட்டுகள் இரண்டும் ஃபேனின் மையத்திலிருந்து இரண்டரை அடியில் விழும். 48 அங்குல ஃபேனின் இறக்கையே மையத்திலிருந்து 2 அடி வரை வரும். ஒளி நேர்க்கோடாக மட்டும் இறங்காது, விரிந்து பரவும். குறைந்தது 3 அடியாவது தள்ளியிருந்தால்தான் தொல்லை குறையும். ஆகவே இரண்டு வரிசையையும் அரை அடி சுவர்ப்பக்கம் நகர்த்திவிட வேண்டும். பென்சிலில் குறித்துக் காட்டினால் ஐந்து நிமிட வேலை.

ஃபேனைப் பற்றி இன்னொன்று. அது கான்கிரீட் தளத்தின் கொக்கியிலிருந்துதான் தொங்க வேண்டும். ஜிப்சம் போர்டின் சட்டம் அந்த எடையைத் தாங்காது.

சமையலறையில் நட்ட நடுவில் லைட் போட்டால், மேடை முன் நிற்பவரின் நிழலே காய் நறுக்கும் பலகையில் விழும். லைட் மேடைக்கு நேர் மேலே வர வேண்டும். அங்கே அலமாரி இருந்தால் அதன் அடியில் ஸ்ட்ரிப் லைட் ஒட்டுவது நல்லது. படுக்கையறையில் தலையணைக்கு நேர் மேலே பளிச்சென்ற ஸ்பாட் லைட் வேண்டவே வேண்டாம். மல்லாந்து படுத்திருக்கும் கைக்குழந்தைக்கு வேறு பக்கம் திரும்பிக்கொள்ளக்கூடத் தெரியாது.

டிம்மர்: குமிழ் மட்டும் போதாது

பழைய குண்டு பல்புக்கு டிம்மர் போட்டால், திருகத் திருக அடங்கி எரியும். எல்இடி லைட் அப்படி இல்லை. மின்சாரத்துக்கும் லைட்டுக்கும் நடுவே டிரைவர் என்ற சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது. அந்தப் பெட்டி டிம்மருக்கு ஏற்றதாக இல்லையென்றால் லைட் துடிக்கும், 'உய்ங்' என்று ரீங்கரிக்கும், சீக்கிரமே செத்தும் போகும். லைட் பெட்டியில் 'டிம்மபிள்' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். விலை சற்றுக் கூடுதல்தான்.

டிம்மரிலும் வகை உண்டு. பழைய குமிழ் டிம்மர்களில் பல, குறைந்தது 40 அல்லது 60 வாட்ஸ் சுமை இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். 6 வாட்ஸ் லைட் ஆறு சேர்ந்தாலும் 36 வாட்ஸ்தான். எல்இடிக்கு என்றே செய்த டிம்மரைக் கேட்டு வாங்குங்கள். 'டிரெய்லிங் எட்ஜ்' என்று போட்டிருந்தால் எல்இடிக்குப் பெரும்பாலும் ஒத்துவரும். ஸ்விட்ச் பெட்டியில் டிம்மர் சில சமயம் இரண்டு ஸ்விட்ச் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சுவரில் பெட்டி பதிக்கும்போதே அதையும் சொல்லிவிடுங்கள்.

"ஃபேன் ரெகுலேட்டரையே போட்டுடலாம் சார்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்க வேண்டாம். அது ஃபேன் மோட்டாருக்காகச் செய்தது, லைட்டின் டிரைவரைக் கெடுத்துவிடும். லைட் டிம்மரில் ஃபேனை ஓட்டுவதும் அதே போலத் தவறு. வீட்டில் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் இருந்தால், கரன்ட் போன நேரத்தில் டிம்மர் லைட் தாறுமாறாக எரியக்கூடும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தப் பிரச்னை குறைவு.

ஆறு லைட்டையும் மேலே ஏற்றும் முன், தரையில் வைத்து ஒரே டிம்மரில் இணைத்து எரியவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். மெதுவாகக் குறைத்துப் பார்த்து, போன் கேமராவையும் லைட் பக்கம் திருப்புங்கள். திரையில் அழுத்தமான பட்டைகள் ஓடினால் ஒளி துடிக்கிறது என்று அர்த்தம். கடைக்காரரிடம் மாற்றிக்கொள்ள அதுதான் சரியான நேரம்.

உண்மையைச் சொன்னால் எல்லா அறைக்கும் டிம்மர் தேவைப்படாது. ஹாலின் ஆறு லைட்டை நாலு, இரண்டு என்று பிரித்து இரண்டு ஸ்விட்ச் வைத்தாலே பாதி வேலை நடந்துவிடும். டிவி பார்க்கும்போது இரண்டு, விருந்தாளி வந்தால் ஆறு. செலவும் குறைவு, பழுதாகவும் ஒன்றுமில்லை. டிம்மரைப் படுக்கையறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பாட்டியின் கண்ணுக்கு எவ்வளவு?

புதுப்பித்த வீட்டில் முதலில் கஷ்டப்படுவது பெரும்பாலும் வயதானவர்கள்தான். வயது ஏற ஏறக் கண்ணின் பாவை சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, 20 வயதுக்காரருக்குச் சேர்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பேரனுக்கு 'சூப்பர் மூட் லைட்டிங்' என்று தோன்றும் மஞ்சள் வெளிச்சத்தில், பாட்டிக்கு மாத்திரை அட்டையில் எழுதியிருப்பது தெரியாது. ஹாலிலிருந்து பால்கனிக்குப் போகும் அரை அங்குலப் படியும் தெரியாது. இடுப்பெலும்பு முறிய அந்த அரை அங்குலம் போதும்.

அதற்காகக் கண்ணைக் குத்தும் ஸ்பாட் லைட்டைக் கூடுதலாகப் போடுவதும் தவறு. கண்புரை ஆரம்பித்தவர்களுக்கு நேரடி ஒளி கூசும், எதிரே இருப்பது இன்னும் மங்கலாகத் தெரியும். அவர்கள் உட்காரும் இடத்துக்கு, பால் நிற மூடி போட்ட பேனல் லைட், 4000 கெல்வின் நிறத்தில் இருந்தால் இதமாக இருக்கும். 3000 கெல்வின் மஞ்சள், 6500 கெல்வின் டியூப்லைட் வெள்ளை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது இது.

அவர்கள் அறையில் கட்டிலிலிருந்து கை எட்டும் தூரத்தில் ஒரு டூ-வே ஸ்விட்ச் வேண்டும். பாத்ரூம் போகும் வழியில் தரையோரம் ஒரு சின்ன ஃபுட் லைட் வேண்டும். இந்த இரண்டும் ஃபால்ஸ் சீலிங் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. சுவரை உடைத்திருக்கும்போதே பைப் போடாவிட்டால், பிறகு யாரும் போட மாட்டார்கள்.

வயரிங் வேலையை உரிமம் பெற்ற வயர்மேனிடம்தான் கொடுக்க வேண்டும். சீலிங்குக்குள் இருக்கும் இணைப்புகளில் வெறும் டேப் சுற்றாமல் கனெக்டர் போடச் சொல்லுங்கள். அங்கே டேப்பின் பசை காய்ந்து பிரிந்தால் யார் கண்ணிலும் படாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத பழைய வீடு என்றால் அதையும் இப்போதே மாட்டிவிடலாம். ஸ்ட்ரிப் லைட்டின் டிரைவரைக் கை நுழையாத மூலையில் வைத்து மூடிவிடக் கூடாது. அது பழுதாகும் அன்று சீலிங்கை அறுக்க வேண்டியிருக்கும்.

போர்டு ஏறும் நாளன்று காலையில், வயர் போகும் பாதை முழுவதையும் அளவு டேப்போடு சேர்த்துப் போனில் படம் எடுத்து, வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவையுங்கள். அதே மாடல் லைட் இரண்டை உபரியாக வாங்கி, பில்லோடு பரணில் வையுங்கள். நாலு வருடம் கழித்து அதே அளவு, அதே நிறம் கடையில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.