மாடியில் இருப்பவர் எந்தப் படியில்?

2024 மார்ச் 18-ஆம் தேதி மும்பை தாராவியின் கமலா ராமன் நகரில், மறுமேம்பாட்டுத் திட்டத்துக்கான கணக்கெடுப்புக் குழு இறங்கியது. சந்து சந்தாக நடந்து ஒவ்வொரு கோலிக்கும், அதாவது ஒவ்வொரு வீட்டுக்கும், ஓர் எண் கொடுத்தார்கள். லேசர் கருவியால் அளந்தார்கள். ட்ரோனும் பறந்தது. பிறகு வீடு வீடாகப் போய்க் காகிதம் கேட்டார்கள். இத்தனை கருவிகளும் சேர்ந்து கடைசியில் பெற்றுத் தருவது ஒரு பட்டியலைத்தான். அரசு அதைப் பரிசிஷ்ட் இரண்டு என்கிறது; தாராவித் தமிழருக்கு அது ‘அனெக்ஷர் டூ’. பெயருக்கு எதிரே ‘பாத்ர்’ (தகுதி உண்டு) என்று இருந்தால் வீடு. ‘அபாத்ர்’ (தகுதி இல்லை) என்று இருந்தால் அலைச்சல்.

விதிகள் ஊருக்கே மனப்பாடம். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி, இலவசம். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவருக்கு 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு, தாராவிக்கு வெளியே. மாடியில் இருப்பவர்கள் 2022 நவம்பர் 15-க்குள் குடியிருந்ததைக் காட்டினால், வாடகை கட்டிக்கொண்டே சொந்தமாக்கிக்கொள்ளும் வீடு, அதுவும் வெளியே. வெளியே என்றால் குர்லாவா, முலுண்டா, தேவ்னார் குப்பைமேடா என்பதுதான் தொண்ணூறு அடிச் சாலை டீக்கடைகளில் ஓயாத பேச்சு.

ஆக, இது வெறும் பெயர் வரிசை இல்லை. நகர், அதற்குள் சந்து, சந்துக்குள் வீடு, வீட்டுக்குள் தளம், தளத்துக்குள் குடும்பம் என்று படிப்படியாக இறங்கும் அடுக்கு. ஒரு குடும்பம் எந்தத் தலைப்பின் கீழ் எத்தனையாவது படியில் எழுதப்படுகிறது என்பதை வைத்தே அதன் முகவரி முடிவாகிறது. ஆனால் குடிசை மாற்றுத் திட்டங்களில் இந்த அடுக்கு மக்கள் கைக்கு வந்து சேரும்போது எப்படி இருக்கிறது? பலகையில் ஒட்டிய தாள், அதன் ஸ்கேன், ஸ்கேனைச் செல்பேசியில் பிடித்த படம். அதில் தேட முடியாது, நேற்றைய பட்டியலுக்கும் இன்றைய பட்டியலுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒப்பிட முடியாது. பெயர் எழுத்துப்பிழையோடு இருந்தால் கண்ணில்கூடப் படாது.

கணினி உலகம் இந்தச் சிக்கலை அரை நூற்றாண்டுக்கு முன்பே அவிழ்த்துவிட்டது. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் ஓர் அரங்கு நிறைந்த கூட்டத்தின் முன் தன் கணினியை இயக்கிக் காட்டினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் கடையில் வாங்க வேண்டிய சாமான் பட்டியல். பொருட்களை வரிசையாக அடித்தார். வகை பிரித்துத் தலைப்புகளின் கீழ் நகர்த்தினார். தலைப்புகளைச் சுருக்கினார், விரித்தார். சுட்டெலி உலகத்தின் கண்ணில் பட்டதும் அந்தக் கூட்டத்தில்தான். எல்லாரும் சுட்டெலியை ஞாபகம் வைத்துக்கொண்டார்கள், சாமான் பட்டியலை மறந்துவிட்டார்கள்.

மறக்காதவர்களும் உண்டு. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக், தன் குறிப்புகளை ஒழுங்காக வைத்துக்கொள்ள 2003-இல் எழுதிய நிரல் ஆர்க் மோட். ஈமேக்ஸ் என்ற இலவச எழுதுகருவிக்குள் அது ஓடுகிறது. இலக்கணம் மிகச் சிறியது: வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால் தலைப்பு, இரண்டு இருந்தால் உள்தலைப்பு, மூன்று இருந்தால் அதற்கும் உள்ளே. சிறு கோடு போட்டுத் தொடங்கினால் பட்டியல் வரி. கோப்பு வெறும் எழுத்துதான். ஈமேக்ஸே இல்லாத கணினியில் நோட்பேடில் திறந்தாலும், ஆண்ட்ராய்டு செல்பேசியில் ஆர்க்ஸ்லி செயலியில் திறந்தாலும் அதே எழுத்து, அதே அடுக்கு.

தாராவிக் குடும்பம் ஒன்றை இதில் எழுதிப் பார்க்கலாம். குடும்பம் ஒரு தலைப்பு. அதன் கீழே கோடிட்ட வரிகளாக மின்கட்டண ரசீது, ரேஷன் கார்டு, பழைய வாக்காளர் பட்டியல் நகல், குடிசைவாசிக்கு அரசு கொடுத்த போட்டோபாஸ். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சதுர அடைப்பு. காகிதம் கைக்கு வந்ததும் அதற்குள் எக்ஸ் குறி. தலைப்பின் ஓரத்தில், நான்கில் மூன்று வந்துவிட்டது என்று நிரலே எண்ணிக் காட்டும். குடும்பத்தை ஏன் பட்டியல் வரியாக எழுதாமல் தலைப்பாக எழுத வேண்டும்? தலைப்புக்கு ‘மனு கொடுத்தாயிற்று’, ‘விசாரணை’, ‘முடிந்தது’ என்று நிலை போடலாம், தேதி போடலாம், கூண்டோடு வேறு தலைப்பின் கீழ் மாற்றலாம். பட்டியல் வரிக்கு அந்த அந்தஸ்து இல்லை. எது தலைப்பு, எது வெறும் வரி என்ற முடிவை முதலிலேயே சரியாக எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எண் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். வாட்ஸ்அப் குழு வைத்திருக்கும் எந்தச் சங்கத்துக்கும் இந்தக் கூத்து தெரியும்: செட்டா நகர் முருகன் கோயிலுக்குப் பஸ் ஏற்பாடு என்று செய்தி வரும், ஒருவர் பட்டியலை நகலெடுத்து 23-ஆவதாகத் தன் பெயரைச் சேர்ப்பார், அதே நிமிடம் இன்னொருவரும் 23 ஆவார், மூன்றாமவர் பழைய நகலை ஒட்டியதில் இருவரும் காணாமல் போவார்கள். ஆர்க் மோடில் எண்ணிட்ட பட்டியலின் நடுவே ஆல்ட், என்டர் விசைகளைச் சேர்த்துத் தட்டிப் புதிய வரி நுழைத்தால் கீழே உள்ள எண்கள் தாமாகத் திருந்திவிடும். பஸ் பட்டியலுக்கு இது வரம். கோலிப் பட்டியலுக்கு இதுவே வினை. குழு கொடுத்துவிட்டுப் போன எண் ஒரு வீட்டின் அடையாளம். மேலே ஒரு வீடு சேர்ந்ததற்காக அது மாறக் கூடாது. அதைத் தலைப்பின் எழுத்தாகவே எழுதிவைக்க வேண்டும், நிரலின் கணக்குக்கு விடக் கூடாது.

திருத்தும்போது வரும் ஆபத்து இன்னும் நுட்பமானது. தலைப்பைச் சுருக்கினால் அதன் கீழுள்ளவை திரையில் மறையும். சுருங்கிய நிலையில் அந்த ஒரு வரியை நீக்கினால் மறைந்திருந்தவையும் சத்தமில்லாமல் சேர்ந்து போகலாம். அதைத் தடுக்கவே ஆர்க் மோடில் ஒரு தனி அமைப்பு வைத்திருக்கிறார்கள். நகர்த்துவதிலும் இதே கவனம்: தலைப்பை மட்டும் ஒரு படி நகர்த்த ஒரு விசை, அதன் கீழுள்ளவற்றோடு சேர்த்து நகர்த்த இன்னொரு விசை. பட்டியல் வரிகளில் நிரல் மேலும் கறார்: உள்ளே பிள்ளை வரிகள் இருக்கும்போது தாய் வரியை மட்டும் வெளியே இழுக்கப் பார்த்தால், பிள்ளைகளை விட்டுவிட்டு நகர்த்த முடியாது என்று மறுத்துவிடும்.

மகாராஷ்டிர அரசின் விதிக்கு அந்தக் கறார் இல்லை. தரைத்தளத்துக்காரர் தாராவியில் நிற்பார். அதே சுவரின் மேல் இருபது வருடம் குடியிருந்தவர் வேறு ஊர் போல ஒரு புறநகருக்குப் போவார். கீழே அப்பா, மேலே கல்யாணமான மகன் என்று வாழும் குடும்பங்களுக்கு இது பாகப்பிரிவினையேதான். விதி சரியா தவறா என்பது தனிச் சண்டை. ஆனால் அந்தச் சண்டையைப் போடுவதற்குக்கூட, எந்த மாடி எந்த வீட்டின் மேல் இருக்கிறது என்று காட்டும் பட்டியல் மக்கள் கையில் இருக்க வேண்டும்.

இப்படிச் சொல்வது புதிதும் இல்லை. கோலார் தங்கவயலில் பிறந்து பம்பாய் வந்த தமிழர் ஏ. ஜாக்கின், டிராம்பே பக்கம் ஜனதா காலனியில் வாழ்ந்தவர். 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காக அந்தக் குடியிருப்பு காலி செய்யப்பட்டு மக்கள் சீத்தா கேம்புக்கு அனுப்பப்பட்டார்கள். ஜாக்கின் அந்தப் போராட்டத்தில் தோற்றார். அங்கிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம், அரசு நம்மை எண்ணுவதற்கு முன் நம்மை நாமே எண்ணிக்கொள்ள வேண்டும் என்பது. அவர் கட்டிய தேசியக் குடிசைவாசிகள் சம்மேளனமும் ஸ்பார்க் அமைப்பும் மஹிளா மிலன் பெண்களும் சேர்ந்து குடிசைப் பகுதிகளில் தாங்களே கணக்கெடுத்தார்கள். நடைபாதைவாசிகளைப் பற்றி ஸ்பார்க் 1985-இல் வெளியிட்ட கணக்கெடுப்பு, யாரும் எண்ணாதவர்களை எண்ணிக் காட்டியது. அந்த முறை பிறகு தென்னாப்பிரிக்கா, கென்யா வரை போனது. 2000-இல் ஜாக்கினுக்கு மகசேசே விருது கிடைத்தது, 2018-இல் காலமானார். அவர் தலைமுறை நோட்டுப்புத்தகத்தில் செய்ததை இன்றைய பிள்ளைகள் எழுத்துக்கோப்பில் செய்யலாம்.

எக்செல் போதாதா என்று கேட்பார்கள். கூட்டல் கழித்தலுக்குப் போதும். ஆனால் எக்செலில் எல்லா வரியும் சமம். வீட்டு எண்ணை முதல் வரியில் மட்டும் எழுதி, கீழே மாடிக் குடும்பங்களுக்கு அந்தக் கட்டத்தை வெற்றாக விடுவதுதான் நம் வழக்கம். யாரோ ஒருவர் அகரவரிசைப்படுத்தினால் போதும், மாடிக் குடும்பங்கள் வீட்டை விட்டுப் பறந்து பட்டியலின் எங்கோ ஒரு மூலையில் விழும். ஆர்க் மோடில் தலைப்புகளை வரிசைப்படுத்தினால் ஒவ்வொன்றும் தன் உள்ளடக்கத்தோடு நகரும்.

தமிழருக்கு இதில் தனியாக ஒரு லாபமும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. செ. மாரியப்பன் என்று ஒருவர் இருந்தால், ரேஷன் கார்டில் ஆங்கிலத்தில் ஒரு விதமாகவும், வாக்காளர் பட்டியலில் தேவநாகரியில் செல்லையா மாரியப்பன் என்றும், மின்கட்டண ரசீதில் அப்பா பெயர் மட்டுமாகவும் இருப்பார். மூன்றும் ஒரே ஆள்தான் என்று அதிகாரியிடம் நிரூபிப்பதற்குள் கால் தேய்ந்துவிடும். ஒரே தலைப்பின் கீழ் மூன்று எழுத்துவடிவங்களையும் கோடிட்ட வரிகளாக எழுதிவைத்தால், எதைத் தேடினாலும் அந்தக் குடும்பம் வந்து நிற்கும். ஈமேக்ஸில் தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுவிட்டது. பழைய எழுத்துருக்களில் அடித்த சங்க உறுப்பினர் பட்டியல்களைப் போல, பத்து வருடத்தில் குறியும் கோடுமாகச் சிதறிப்போகும் பயம் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. ஈமேக்ஸின் விசைக் கூட்டணிகளைப் பழகுவது புதிதாக வருபவரைத் திணறடிக்கும். அதன் ரசிகர்கள் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள். அதில் தமிழில் அட்டவணை போட்டால் எழுத்துகளின் அகலம் மாறுபடுவதால் கோடுகள் கோணும். தலைப்புக்கும் பட்டியலுக்கும் அந்தத் தொல்லை இல்லை என்பதால், தமிழில் எழுதுகிறவர்கள் அவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆதார் எண், வங்கி விவரம், செல்பேசி எண் எதையும் பொதுக்கோப்பில் எழுதவே கூடாது. எழுத்துக்கோப்பை நகலெடுப்பது சுலபம் என்பதே இங்கே எச்சரிக்கை.

தகுதிக்கான வெட்டுத்தேதி 1995, 2000, 2011 என்று காலந்தோறும் நகர்ந்து வந்திருக்கிறது. அரசு தன் தலைப்புகளைத் தானே திருத்திக்கொண்டே இருக்கிறது என்றால், எந்தத் தேதியில் எந்த வரி மாறியது என்று சொல்லும் பொறுப்பும் அதற்கு உண்டு. தாராவி மறுமேம்பாட்டுத் திட்ட அதிகாரிகளிடம் கேட்க வேண்டியது இதுதான்: ஒவ்வொரு வரைவுப் பட்டியலையும் ஸ்கேன் படமாக விடாமல், நகர் வாரியாக, தள அடுக்கோடு, தேடக்கூடிய எழுத்துக்கோப்பாக வெளியிடுங்கள். ஆட்சேபனைக்குப் பிறகு மாறிய வரிகளைத் தேதியோடு காட்டுங்கள். நீக்கிய பெயரை அழிக்காமல், நீக்கிய காரணத்தோடு அங்கேயே விட்டுவையுங்கள். 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் போன திட்டத்துக்கு இது பெரிய செலவு இல்லை. ஆர்க் மோடுக்கு விலையே இல்லை.

அரசுக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கணினி வேலையில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பஞ்சமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் மடிக்கணினியோடு தாராவி வந்து, அங்குள்ள சங்கப் பிள்ளைகள் நான்கு பேருக்கு நட்சத்திரக் குறியும் சிறு கோடும் சொல்லிக்கொடுத்தால், ஒரு சந்தின் பட்டியலை அந்தச் சந்துக்காரர்களே எழுதத் தொடங்கலாம். வரும்போது ஈமேக்ஸோடு ஆர்க்ஸ்லியையும் காட்டுங்கள். தாராவியில் பலரிடம் இருப்பது செல்பேசிதான்.